பின்னட்டையிலிருந்து திறக்கும் நோட்டு: செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் மூத்தோருக்கான அக்கம்பக்கத் துணை

தடித்த அட்டை போட்ட கணக்கு நோட்டு அது. முதுகில் சிவப்புத் துணி ஒட்டியிருக்கும். முன்னட்டையைத் திறந்தால் எல்லாம் சாவு. எந்தப் புளோக், எந்த மாடி, யார் தவறினார், கூடாரத்துக்கு எவ்வளவு, நாற்காலிக்கு எவ்வளவு, மின்சுடலைக்கு எவ்வளவு, யார் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார், யார் ஐம்பது கொடுத்தார் என்று வரி பிசகாமல் எழுதியிருக்கிறது. நோட்டைக் கவிழ்த்துப் பின்னட்டையைத் திறந்தால் உயிரோடிருப்பவர்கள் வருகிறார்கள். யாருக்கு எந்தத் தேதியில் கண் பரிசோதனை, யார் வீட்டுச் சாவி யாரிடம், யாருக்கு உப்பு ஆகாது, யாருடைய மகன் எந்த நேரத்தில் போனை எடுப்பான். இந்த ஆய்வு அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது.

நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போவது, கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போவது என்பது நம் வழக்கம். முதுமை இரண்டிலும் சேராது. அதற்கு அழைப்பும் இல்லை, அழைக்காமல் வருவோரும் இல்லை. ஒருவர் காலமான செய்தி வந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடாரம் நிற்கும், காப்பி கொதிக்கும், காசு சேரும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அதே மனிதர் முந்தைய மாதம் மருந்து வாங்கிவர ஆளில்லாமல் வீட்டோடு கிடந்தது மட்டும் எவருக்கும் தெரிந்திருக்காது. ஈரம் வற்றிப்போன மனிதர்கள் என்று எங்களைச் சொல்லிவிட முடியாது. சாவுக்கு ஒரு முறை இருந்தது. அதற்கு முந்தைய பத்து வருடங்களுக்கு முறை இல்லை.

கட்டடமும் குடியிருப்போரும்

கட்டடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தனியாக வாழும் முதியவர்கள் இருக்குமிடத்தை ஊருக்குச் சொல்வது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகிவிடும். கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில், மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் எழுந்த வாடகை அடுக்குமாடி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். மூன்று அறைகள், மாத வாடகை 124 வெள்ளி. செந்தூல் என்றாலே ரயில் பட்டறைதான். அதை ஒட்டித்தான் இங்கே நம்மவர்களின் குடியிருப்புகள் வளர்ந்தன. எங்கள் மூத்தோரில் சிலர் அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் புறம்போக்கு நிலத்துப் பலகை வீடுகள் இடிக்கப்பட்டபோது இங்கே மாற்றப்பட்டவர்கள். வந்தபோது கையில் பிள்ளை இருந்தது. இன்று பிள்ளைகள் ரவாங்கிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். பெற்றோர் பதினோராம் மாடியில் இருக்கிறார்கள்.

மலேசியாவில் 60 வயதானால் மூத்த குடிமக்கள் கணக்கில் சேர்ந்துவிடுகிறோம். 2030-இல் மக்கள் தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் அந்த வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு. எங்கள் மாடிகளில் அந்த 2030 எப்போதோ வந்துவிட்டது. ஆதரவற்ற மூத்தோருக்குச் சமூகநல இலாகா தரும் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி; அதற்கு முன் 500. தனியார் பராமரிப்பு இல்லங்களில் மாதக் கட்டணம் ஆயிரங்களில் போகிறது. பழகிய வீட்டிலேயே மூப்படைவது கருத்தரங்குகளில் ஓர் இலட்சியமாகப் பேசப்படுகிறது. இங்கே அது கணக்குப் போட்டுப் பார்த்தால் மிஞ்சும் ஒரே வழி. ஆனால் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள்: பணம் இருந்தாலும் போக மாட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

நான் பக்கத்துப் புளோக்கில் குடியிருக்கிறேன். கணக்கு எழுதுவது என் பிழைப்பு. நோட்டை வைத்திருந்தவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியதால் அதைக் கூட்டிக் கழிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் உள்ளே வந்தேன். கூப்பிட்டவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை இருபது வருடங்களுக்கு மேல் நடத்தியவர். எல்லாருக்கும் அவர் கேன்டீன் அக்கா. எனவே நான் வெளியிலிருந்து பார்த்து எழுதுபவன் இல்லை. சார்பு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணி கட்டாத பாட்டி

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது சாவு நோட்டுக்கே வேலை இல்லாமல் போனது. கூட்டம் கூடத் தடை. அடுத்த ஆண்டின் நடுவில், உணவுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவுவார்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. எங்கள் கட்டடத்திலும் சிலர் கட்டினார்கள். அரிசி வந்தது, முட்டை வந்தது, சமையல் எண்ணெய் வந்தது.

ஏழாம் மாடிப் பாட்டி கட்டவில்லை. எப்போதோ வாங்கிய பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போன கேன்டீன் அக்கா, அவர் மூன்று நாட்களாகப் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்று கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"ஒரு துணியைக் கட்டியிருக்கக் கூடாதா, பாட்டி?"

"வாசலில் வெள்ளைத் துணி தொங்கவிடுவேனா? இந்த வீட்டில் யார் செத்தது?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இந்த ஏற்பாட்டின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன். உதவி வேண்டுபவர் கை தூக்கட்டும், நாங்கள் வருகிறோம் என்று காத்திருக்கும் எந்தத் திட்டமும் இந்தத் தலைமுறையிடம் எடுபடாது. கேட்பது அவர்களுக்கு இழுக்கு. சில சமயம் அபசகுனம். அன்றிரவு அக்கா நோட்டைக் கவிழ்த்துப் பின்னட்டையைத் திறந்தார். புது நோட்டு வாங்கக் கடை திறந்திருக்கவில்லை என்பதுதான் காரணம். நான் இதில் ஒரு தத்துவத்தைப் பார்க்க முயன்றபோது அவரே சொன்னது அது.

வணக்கப் படங்கள்

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள்: புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குழு. அது ஒரே வாரத்தில் மூழ்கியது. ரோஜாப்பூ மேல் "இனிய காலை வணக்கம்", பத்துமலை முருகன் மேல் "நல்லதே நடக்கும்", குத்துவிளக்கு, மயில், மறுபடி ரோஜாப்பூ. கிளினிக்குக்கு யார் துணைக்குப் போகிறார்கள் என்ற கேள்வி நாற்பது படங்களுக்கு அடியில் கிடந்தது. நான் படங்களுக்குத் தடை போடச் சொன்னேன். அக்கா குழுவை இரண்டாகப் பிரித்தார்: வேலைக்கு ஒன்று, வணக்கத்துக்கு ஒன்று. வணக்கக் குழு குப்பைத்தொட்டி என்று நான் நினைத்தேன்.

அவர் அதை வருகைப் பதிவேடு ஆக்கிவிட்டார். தினமும் படம் அனுப்புபவர் ஒரு நாள் அனுப்பவில்லையென்றால் எட்டு மணிக்குள் ஒரு போன்; எடுக்கவில்லையென்றால் அதே மாடியில் இருப்பவர் கதவைத் தட்டுவார். போன் பழகாதவர்களுக்கு மட்டும் காலையில் ஒருவர் நடந்து போய்க் குரல் கொடுக்கிறார். முன்பெல்லாம் இந்த வேலையைப் பத்திரிகை போடும் பையன் தெரியாமலே செய்துகொண்டிருந்தான். நேற்றைய தாள் எடுக்கப்படாமல் கிரில் கம்பியில் தொங்கினால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவான். 2019-இல் 'தமிழ் நேசன்' நின்ற பிறகு பலர் பத்திரிகை வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

துணைக்குப் போவது

நோட்டின் பின்பக்கத்தில் பாதிக்கு மேல் இதுதான். 2023 மார்ச் 16-இல் புத்ராஜெயா ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதிலிருந்து செந்தூல் பாராட் நிலையத்தில் ஏறினால் தித்திவங்சாவுக்கு அடுத்த நிலையம் கோலாலம்பூர் மருத்துவமனை. மூத்தோருக்குப் பாதிக் கட்டணம். வரைபடத்தில் பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் முட்டி தேய்ந்த ஒருவருக்கு இரண்டு நிலையங்கள் தூரமே இல்லை. வீட்டிலிருந்து நிலையம்தான் தூரம். சாலையைக் கடக்க வேண்டும், வெயில், உடைந்த நடைபாதை. ஆகவே பெரும்பாலும் கிராப் வாடகை வண்டிதான், பணம் சிகிச்சைக்குப் போகிறவருடையது.

துணைக்குப் போகிறவரின் உண்மையான வேலை கையைப் பிடிப்பது இல்லை. எண் சீட்டைப் பார்த்துக்கொள்வது, மருத்துவர் சொல்வதைக் காதில் வாங்கி எழுதிக்கொண்டு வருவது. பாட்டிகளுக்குச் சந்தையில் பேசும் பசார் மலாய் சரளம். மீன் விலை பேசலாம், ஆனால் "இதைச் சாப்பாட்டுக்கு முன், அதை இரவில் மட்டும்" என்பது அந்த மொழியில் தங்குவதில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு பாட்டிக்குக் கால் வீங்கிக்கொண்டே போனது. எழுந்தால் தலை சுற்றியது. இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மருந்தெல்லாம் ஒரு கொங் குவான் பிஸ்கட் டின்னில் இருந்தது. துணைக்குப் போன பெண் டின்னைத் திறந்து பிரித்து அடுக்கலாமா என்று கேட்டார். அக்கா கூடாது என்றார்: "உனக்கு மருந்து தெரியுமா? டின்னோடு கொண்டு போ." அரசாங்கக் கிளினிக்கின் மருந்தாளர் டின்னை மேசையில் கவிழ்த்தார். கிளினிக் கொடுத்த இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று. வழியில் ஒரு தனியார் கிளினிக்கில் வாங்கியது இன்னொன்று. நிறம் வேறு, அட்டை வேறு, பெயர் வேறு, உள்ளே இருந்தது இரண்டிலும் அம்லோடிபின். பாட்டி பல வாரங்களாக இரட்டைப் பங்கு விழுங்கியிருக்கிறார். கணுக்கால் வீக்கம் அந்த மருந்து தரக்கூடிய, எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவு. மருத்துவர் பார்த்து ஒன்றை நிறுத்தினார், வீக்கம் வடிந்தது.

அது முதல் "டின்னோடு" என்பது விதி. மருந்தைத் தொடுவதில்லை, பிரிப்பதில்லை, கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பணத்துக்கும் இதே போல ஒன்று: வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரும் வாங்கக் கூடாது, பணம் எடுக்கப் போனால் அவரையும் கூட்டிக்கொண்டுதான். இந்த விதி பிறந்த கதை கசப்பானது. ஐம்பது வெள்ளி காணவில்லை என்று ஒரு பாட்டி சொன்னார். உதவிக்குப் போய்வந்த பெண்மீது பேச்சு வந்தது. இரண்டு வாரம் கழித்து அரிசிப் பீப்பாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் பணம் கிடைத்தது. அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

சாவி

எங்கள் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில். தனியாக இருப்பவர்கள் இரவில் அதற்கு உள்பக்கமாகப் பூட்டுப் போடுகிறார்கள். திருடன் பயம். அதே பூட்டு, உள்ளே விழுந்துவிட்டால் உதவியையும் வெளியே நிறுத்திவிடும். ஆகவே ஒரு சாவி இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். கேட்கும்போது எளிது. சாவியைக் கொடு என்று ஒரு விதவையிடம் கேட்டுப் பாருங்கள்.

அக்கா கண்டுபிடித்த வழி, தீபாவளிக்குக் காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறை. மிஞ்சிப்போன ஊதா நிற உறைகள் எல்லார் வீட்டிலும் கிடக்கும். சாவியை உள்ளே போட்டு ஒட்டி, மடிப்பின் மேல் வீட்டுக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பிரித்தால் தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை உறையை அவரிடமே காட்ட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் பிரிக்கக் கூடாது. சாவி போக வேண்டியது உறவுக்காரரிடமோ சாதிக்காரரிடமோ இல்லை, ஓடி வரும் தூரத்தில் இருப்பவரிடம். அதனால் ஏழாம் மாடிப் பாட்டியின் உறை எதிர்வீட்டு மக்சிக்கின் (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) குர்ஆன் அலமாரியில் இருக்கிறது. அங்கே வைத்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று பாட்டியே கேட்டு வைத்த இடம்.

உறை கொடுக்காதவர்களில் முதன்மையானவர் பட்டறைத் தாத்தா. ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், மனைவி போய்விட்டார், மகள் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். உதவி என்ற சொல்லே அவரிடம் ஆகாது. அக்கா அவரிடம் வேறு மாதிரிப் பேசினார்: "அண்ணே, மேல் மாடிப் பாட்டியின் குளியலறையில் ஒரு தாங்குபிடி வேண்டும். சுவரில் ஓட்டை போட எனக்குத் தெரியாது." அவர் துளைக்கருவியோடு போனார். பிறகு பதினொரு வீடுகளில் தாங்குபிடி பொருத்தினார். சனிக்கிழமைதோறும் எல்லாருடைய பூட்டுக்கும் எண்ணெய் போட்டார். எங்கள் பட்டியலில் அவர் உதவி செய்பவர். உண்மையில் வாரம் ஒரு முறை பதினொரு வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குளியலறையில் மட்டும் தாங்குபிடி இல்லை. எனக்கெதற்கு என்றார்.

2024-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக 5:40-க்கு வரும் முருகன் படம் வரவில்லை. ஏழரைக்கு அக்கா போன் செய்தார்; உள்ளே மணி அடிப்பது வாசலில் கேட்டது. மெல்லிய முனகலும் கேட்டது. கிரில் பூட்டியிருந்தது, சாவி எவரிடமும் இல்லை. அவசர எண் 999-ஐ அழைத்தோம். தீயணைப்பு மீட்புப் படையினர் வந்து கிரில்லை வெட்டினார்கள். குந்துக் கழிவறையின் படியில் ஏறும்போது வழுக்கி, இரவு இரண்டு மணியிலிருந்து ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. இப்படி மணிக்கணக்கில் எழ முடியாமல் கிடப்பதே விழுந்ததற்கு மேல் ஓர் ஆபத்து: உடல் நீர் வற்றும், அழுந்திய தசை சிதையும், தோல் புண்ணாகும். இன்னும் ஒரு பகல் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும்தான் எங்களுக்கு உண்மையான சோதனை. நடைச்சட்டம் வேண்டும், துளை நாற்காலி வேண்டும். இரண்டும் எங்கள் கட்டடத்திலேயே இருந்தன, இறந்துபோன ஒருவர் வீட்டில், மூட்டை கட்டி. செத்தவர் சாமானை உயிரோடிருப்பவர் தொடுவதா என்று பேச்சு வந்தது. அக்கா அதை வாதாடித் தீர்க்கவில்லை. மஞ்சள் நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு சந்தனப் பொட்டு வைத்து மேலே அனுப்பிவிட்டார். அதிலிருந்து அந்த நாற்காலி நான்கு வீடுகள் மாறிவிட்டது. சுகாதாரத்துக்கு வேண்டிய சோப்பும் பிளீச்சும் நான் தனியாகப் போட்டேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மகள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து வந்து போனார். பிறகு முறை வைத்துச் சாப்பாடு போனது. தாத்தா யாருடனும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா எல்லாருக்கும் ஒரு கட்டளை போட்டார்: இனி நலம் விசாரிக்க யாரும் போக வேண்டாம், பழுதானது எதையாவது கொண்டு போங்கள். ஒருவர் திறக்காத பூட்டைக் கொண்டு போனார். இன்னொருவர் சுற்றாத மேசை மின்விசிறி. மக்சிக் ஒரு சோற்றுக் குக்கரைக் கொண்டு போனார். அது நன்றாகத்தான் இருந்தது, பித்தானை அவரே நெம்பி எடுத்திருந்தார். தாத்தா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து திருப்புளி கேட்டார். நடைப்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவர் சொன்னதைவிட, உதிரி பாகங்கள் இருந்த அலமாரிதான் அவரை நடக்கவைத்தது.

முடியாதவை

ஒன்பதாம் மாடிப் பாட்டிக்கு நினைவு தப்பத் தொடங்கியது. இரவில் கிரில்லைத் திறந்து, இல்லாத ஆட்டுக்குப் புல் அறுக்கப் போவார். அடுப்பை அணைக்க மறந்தார். ஆறு பேர் முறை வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது வாரம் ஆறு பேரும் நோயாளிகள். அது எங்கள் சக்திக்கு மீறிய வேலை என்பதை ஒப்புக்கொள்ளத் தாமதித்தோம். மகனிடம் இன்னும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அக்கம்பக்கத் துணை தாதியர் பணிக்கு மாற்றாகாது. அப்படி நடிப்பது முதியவருக்கே கேடு.

இன்னொன்று இதைவிட மோசம். முன்பு மாதம் இரு முறை வந்துகொண்டிருந்த ஒரு மகன், நாங்கள் போகத் தொடங்கியதும் வருவதை நிறுத்திவிட்டார். "அதுதான் நீங்களெல்லாம் இருக்கிறீர்களே" என்றார், மரியாதையாகத்தான். நாங்கள் செய்த நல்லது ஒரு தாயிடமிருந்து மகனைப் பறித்திருக்கிறது. இப்போது புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கும் முன் அக்கா பிள்ளைகளுக்குப் போன் போட்டு எந்தெந்த வேலை அவர்களுடையது என்று எழுதி வாங்குகிறார். சிலர் எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

பணத்தில் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் ஒத்துவரவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்ற பகுதியின் மூத்தோர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நோக்கில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஒருங்கிணைக்கிறார்கள். அது வசதியானவர்களின் வட்டாரம். இங்கே மாதம் ஐந்து வெள்ளி போதும் என்றேன். அக்கா மறுத்துவிட்டார். கூட்டு (சீட்டு) பிடித்து ஏமாந்த குடும்பங்கள் இங்கே நிறைய. 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தும் அந்தப் பயம் போகவில்லை. சாவுக்குக் கொடுக்கும் காசை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, உயிரோடிருப்பவர் பெயரில் சேர்க்கும் காசுக்கு மாதம் ஒரு சண்டை வரும் என்பது அவர் கட்சி. சங்கமாகப் பதிவு செய்தால் மானியம் கேட்கலாம், சமூகநல இலாகாவின் மூத்தோர் நடவடிக்கை மையம் போல ஒன்றை நடத்தவும் முயலலாம் என்றேன். பதிவு செய்தால் தலைவர் பதவிக்கு ஆள் வருவார்கள், துணைக்குப் போக வரமாட்டார்கள் என்றார். இரண்டாவதில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். முதலாவதில் அவர் தவறு என்றே இன்னும் நினைக்கிறேன். ஓடியாடும் பெண்கள் எல்லாருக்கும் ஐம்பத்தைந்துக்கு மேல். ஆண்கள் சாவுக் கூடாரம் கட்ட மட்டும் வருகிறார்கள். சம்பளம் வாங்கும் ஒருவராவது இல்லாமல் இது இன்னும் எத்தனை வருடம் ஓடும்?

போன மாதம் பட்டறைத் தாத்தா நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். வெட்டுப்பட்ட கிரில்லை அவரே பற்றவைத்து வண்ணம் அடித்துவிட்டார். கையில் இரண்டு ஊதா உறைகள். ஒன்று அக்காவுக்கு. இன்னொன்று, அக்கா முதலாவதைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு. அக்கா நோட்டை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதப் போனார். முன்னாலிருந்து வந்த சாவுக் கணக்கும் பின்னாலிருந்து வந்த சாவிக் கணக்கும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு தாள் மிச்சம்.

"புது நோட்டு வாங்க வேண்டும்," என்றார். "எந்தக் காசில்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா சட்டைப் பையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்து, ரசீது கேட்டார்.